இரண்டாம் மாடிக்கு ஒரு யானை

ஆறாம் மாடியிலிருந்து தெருவரை
தொங்குகிறது என் கயிறு.
கீழ் நுனியில் கிளிப். மேல் முனையில் மணி.
ரொட்டி, கரண்ட் பில், தலைவலி மாத்திரை
எல்லாம் அதில்தான் ஏறி வரும்.
இன்று மணி அடித்தது. இழுத்தேன்.
ஒரு சீட்டு.
இரண்டாம் மாடி கோ தெய்ன் ஊ
துறைமுக ரசீதின் முதுகில்
பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறார்.
மூன்றே காய்.
வெள்ளை ஆட வேண்டும். இரண்டே ஆட்டத்தில் மேட்.

ரங்கூன் முழுக்க இருட்டு.
மின்சாரம் பதினொன்றுக்கு என்று பேச்சு.
மெழுகுவர்த்தியைத் தட்டில் நட்டுப் பலகையை விரித்தேன்.
எஃப் ஏழில் சிப்பாய்,
அவன் முதுகை ஒட்டி எஃப் ஆறில் ராஜா.
எச் ஏழில், பலகையின் ஓரத்தில்,
கறுப்பு ராஜா, தனியாக.
இதற்கா ஒரு சீட்டு?
சிப்பாய்க்கு இன்னும் ஒரே கட்டம்.

வெள்ளை ராணி என்னிடம் இல்லை.
போன மழைக்காலத்தில் பெட்டியைக் கயிற்றில் ஏற்றும்போது
நான்காம் மாடி உயரத்தில் அது வாய் பிளக்க
சாக்கடைக்குள் குதித்துவிட்டாள்.
அன்றிலிருந்து
யானையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ராணி.

கவிழ்த்தேன், எஃப் எட்டில்.
கறுப்பு ராஜாவுக்கு செக் இல்லை.
போக இடமும் இல்லை.
நேரிலும் கோணலிலும் அவள் கண்;
மிச்சத்தை என் ராஜாவே அடைத்துக்கொண்டு நிற்கிறான்.
அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.
டிரா.

பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எண்ணூறு மூட்டை உளுந்தில் ஒன்று உதைத்தால்
தூக்கம் வராது.
மறுபடி கவிழ்த்தேன். மறுபடி டிரா.
ராஜாவை ஈ ஏழுக்கு ஒதுக்கிப் பார்த்தேன்:
வெல்லலாம், இரண்டில் முடியாது.
சிப்பாயைக் குதிரையாக்கினேன்:
செக் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தது.
யானை என்ற நினைப்பே வரவில்லை.
அது கையில்தான் இருந்தது,
ராணி என்ற பெயரில்.

பதினொன்றரைக்குத் தெருவே கத்தியது,
மீ லா ப்யீ, மீ லா ப்யீ.
கீழே ஆறு வீட்டு மோட்டாரும்
ஒரே நேரத்தில் உறுமின.
மேஜை நடுங்க நடுங்க
ஓடிப்போய்க் குழாயைத் திறந்து
டிரம்மை வைத்துவிட்டுத் திரும்பினால்
ராணி விழுந்து உருண்டு கிடக்கிறாள்.
ஈரக் கை, அவசரம்.
எந்தக் காயையும் வைப்பதுபோல
எடுத்து நிற்கவைத்துவிட்டேன்.

யானை.
அதற்குக் கோணல் தெரியாது.
எச் ஆறு திறந்து கிடந்தது.
கறுப்பு ராஜாவுக்குக் கிடைத்த ஒரே கட்டம்;
போகாமலும் இருக்க முடியாது.
போனான்.
யானை எச் எட்டுக்கு, நேர்கோட்டில்.
முடிந்தது.

தோற்கடிக்க முதலில் இடம் விட வேண்டுமாம்.
எங்கள் முதலாளிக்கு இது தெரியாமலிருப்பது நல்லது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
யானைக்கு பர்மிய மொழியில் சின்.
எழுதிவிட்டு அடித்தேன்.
அவர்கள் ஊர் ஆட்டத்தில் சின் வேறு காய்,
கோணலாகவே போவது.
என் யானை அவருக்கு யத்தா. ரதம்.
ரயிலுக்கும் அதே சொல்.
எழுதிய சொல் ரயிலாகிப் போய்விடுமோ என்று
சீட்டைக் கசக்கிவிட்டு
கிளிப்பின் வாயில் யானையின் தலையையே கொடுத்து
கயிற்றை இறக்கினேன்.
ஐந்து. நான்கு. மூன்று.
நிமிர்ந்தபடியே இறங்கியது.
இரண்டாம் மாடிக் கம்பியில் டொக்கென்று இடிக்க
ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது.

கீழே சிரிப்பு. கொஞ்சம் பொறுத்துக் குரல்:
"டோ எய் மூ!"
வேதவல்லி அவர் நாக்கில் நிற்காது;
அடையாள அட்டையிலும் நான் எய் மூதான்.
"டோ எய் மூ, உங்கள் டிரம் வழிகிறது!"

அதற்குள் தண்ணீர்
மேஜைக் கால்வரை வந்திருந்தது.